பச்சைத் தடத்தை வைத்து அளப்போம்

வேல்ஸின் மலைச் சைக்கிள் தடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அது பெரும்பாலும் கறுப்புப் பலகை வைத்த தடங்களில்தான் போய் நிற்கும். டவி பள்ளத்தாக்கில் 2014-இல் தொடங்கிய ரெட் புல் ஹார்ட்லைன் பந்தயம், அந்தப் பகுதியிலேயே வேரூன்றிவிட்ட பந்தய ஓட்டுநர்களான ஆதர்ட்டன் உடன்பிறப்புகள் மூவர், பாறையிலிருந்து பாறைக்குப் பறக்கும் காணொளிகள் என்று பேச்சு வளரும். அவையெல்லாம் பெரிய சாதனைகள்தான். ஆனால் வேல்ஸ் உலகுக்குச் சொல்லிக்கொள்வது வேறொன்று: இங்கே எல்லாத் திறனுக்கும் ஏற்ற தடம் இருக்கிறது என்பது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று வல்லுநரிடம் கேட்டுப் பயனில்லை. பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு சைக்கிளையே தொடாத ஓர் அம்மாவிடமும், அவளோடு வந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். பச்சைத் தடத்தில் நிற்கிற அவர்கள்தான் சரியான அளவுகோல் என்பது என் எண்ணம்.

நிறக் கணக்கு எளிமையானது. பச்சை என்றால் அகலமான, சரிவு குறைந்த, வழுவழுப்பான தடம். நீலத்தில் தடம் ஒடுங்கும். சின்ன மேடுபள்ளங்கள் வரும். சிவப்பில் செங்குத்தான இறக்கம், பாறை, படிபோல விழும் பள்ளம் எல்லாம் உண்டு. கறுப்பு, தேர்ந்தவர்களுக்கு மட்டும். பனிச்சறுக்கு மலைகளில் பழகிய முறையை ஒட்டிய இந்த ஏற்பாட்டில், முன்பின் தெரியாத காட்டுக்குள் நுழைகிற ஒருவர் எந்த மொழி பேசினாலும் தன் வழியைத் தேர்ந்துகொள்ளலாம்.

இந்த நிறங்களுக்குப் பின்னால் இருக்கிற கட்டுமானக் கதை வேல்ஸுக்கே உரியது. எரரி மலைப்பகுதியில், டோல்கெத்லாய் ஊருக்கு வடக்கே இருக்கிறது கோயிட் அ ப்ரெனின். 'அரசரின் காடு' என்று பொருள். ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935-இல் இட்ட பெயர். மரத்துக்காக வளர்த்த ஊசியிலைக் காடு அது. 1990-களின் நடுவில் அங்கே வனத்துறைப் பணியாளராக இருந்த டாவித் டேவிஸ், சைக்கிளுக்கென்றே ஒற்றையடித் தடங்களை வெட்டத் தொடங்கினார். பிரிட்டனில் இப்படித் திட்டமிட்டு எழுந்த முதல் தட மையம் அதுதான். அதுவரை காட்டுக்குள் ஓட்ட வந்தவருக்கு இரண்டே வழிகள் இருந்தன: லாரி போகும் அகலச் சாலை, அல்லது நாலு வண்டி போனாலே உழவுக்காடாகிவிடும் சேற்றுப் பாதை.

வேல்ஸ் ஓயாமல் மழை பெய்யும் நாடு. ஆகவே தடத்தின் உயிர்நாடி நீர் வடிவதில் இருக்கிறது. சரிவை நேராகக் கிழித்துக்கொண்டு இறங்கும் பாதை, மழையில் ஓடையாகிவிடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, வளைந்து வளைந்து தடம் போகிறது. இடையிடையே இறக்கத்தை நிறுத்திச் சின்ன ஏற்றம் வைக்கிறார்கள்; அந்தத் தாழ்விடத்தில் தண்ணீர் விலகி வெளியே போய்விடும். ஈரம் தேங்கும் இடங்களில் தட்டைக் கற்களை நெருக்கமாகப் பதித்து, சந்துகளில் சரளை இட்டு இறுக்குகிறார்கள். நம் பக்கத்துக் கிணற்றடியில் கல் பாவுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் நுணுக்கம் புரியும். ஒரு கல் ஆடினாலும் பக்கத்துக் கல் தளர்ந்துவிடும். குளிர்கால மழையிலும் ஓட்டக்கூடிய தடம் என்பது இந்தக் கைவேலையின் பலன். காய்ந்த நாளுக்காகக் காத்திருக்க முடியாத, விடுமுறையில் வந்துபோகிற புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இன்னொன்றையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல நீலத் தடங்களில் மேசைபோலத் தட்டையான உச்சி உள்ள மேடுகள் இருக்கும். பழகியவர் அதன் முன்சரிவில் ஏறி, காற்றில் மிதந்து, பின்சரிவில் இறங்குவார். புதியவர் இரண்டு சக்கரமும் தரையை விடாமல் அப்படியே உருட்டிக் கடந்துவிடலாம். நடுவில் பள்ளம் இல்லை. தவறினாலும் பள்ளத்தில் விழ இடமில்லை. ஒரே மேடு இருவருக்கும் வேறு வேறு பாடம் சொல்கிறது. வளைவுகளில் வெளிப்பக்கம் மண்ணை உயர்த்திக் கட்டுவதும் அப்படித்தான்: பயந்து மெதுவாக வருபவரை உள்பக்கம் விட்டுவிடும், வேகமாக வருபவரை அணைத்துத் திருப்பிவிடும். வேல்ஸ் தடக் கட்டுமானத்தில் என்னைக் கவர்ந்த சிந்தனை இது. எல்லோருக்கும் தனித்தனித் தடம் போட்டுக் குடும்பத்தைப் பிரிக்காமல், ஒரே தடத்தில் பலரை வைத்துப் போகிறது.

இப்போது குறைக்கு வருவோம். இத்தனை யோசித்தவர்களின் கை, ஆரம்பத்திலிருந்தே சிவப்பின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. கோயிட் அ ப்ரெனினின் முதல் தடமே, பின்னாளில் 'காளை' என்று பொருள்படும் டாரு என்ற பெயர் பெற்ற ரெட் புல் தடம். பாறை மண்டிய வழி. தெற்கே, போர்ட் டால்பட் அருகே ஆவன் பள்ளத்தாக்கில் பெயர் வாங்கியவை ஸ்கைலைன், வைட்ஸ் லெவல், அ வால் போன்ற நீண்ட, கடினமான தடங்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியூர்க்காரரை வரவழைத்தவை அவைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் தொடங்குபவருக்கு அங்கே ஆதியில் கிடைத்தது பழைய கரி ரயில் போன வழி. வேல்ஷ் மொழியில் ரயில்பாதை என்ற பெயரையே அது தாங்கியிருக்கிறது. ரயில் ஏற முடிந்த சரிவு என்பதால் யாரும் ஓட்டலாம், பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் அது சைக்கிளுக்காக யோசித்து வெட்டிய வழி அல்ல. வளைவையும் மேட்டையும் அது கற்றுத்தராது. அன்று அங்கிருந்து சிவப்புக்குப் போனவர் நடுவில் படியே இல்லாத மாடியில் ஏறினார்.

நிறத்தை நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. பொதுவான வழிகாட்டுதல் இருந்தாலும், ஒரு தடத்துக்கு எந்த நிறம் என்று கடைசியில் முடிவுசெய்வது அந்த இடத்தை நடத்துபவர்தான். கூரிய பாறைகளால் சிவப்பான தடமும், துள்ளும் மண்மேடுகளால் சிவப்பான தடமும் ஒரே பலகையைத்தான் வைத்திருக்கின்றன. இரண்டும் கேட்கும் திறன் வேறு. அதோடு தடம் தேயும். பல்லாயிரம் டயர்கள் பிரேக் போட்ட இடங்களில் குழிகள் விழும், சரளை போய்க் கல் தலைதூக்கும். நீலமாகப் பிறந்த தடம் கவனிப்பாரில்லாமல் சிவப்பாக முதிர்ந்த பிறகும் பலகை நீலமாகவே நிற்கும். தேர்ந்தவருக்கு அது ஒரு சுவாரசியம். நிறத்தை மட்டுமே நம்பி வந்தவருக்கோ அது எலும்பு முறிவாகலாம்.

தடத்தை மாற்றுவது தேய்மானம் மட்டும் அல்ல. 2010-இல் வேல்ஸின் லார்ச் மரங்களில் பைட்டாப்தோரா ரமோரம் என்ற நோய் தெரியவந்தபின், ஆவனிலும் கூம்கார்னிலும் காடுகளை வெட்டிச் சாய்க்க வேண்டியிருந்தது. தடங்கள் அங்கங்கே மூடின, மாறின. காடு மரத்துக்காக இருக்கிறது, சைக்கிள் அங்கே விருந்தாளி என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

அரசுக் காடுகளுக்கு வெளியே எழுந்த பூங்காக்கள் இந்தக் குறைகளில் சிலவற்றுக்கு வழி கண்டிருக்கின்றன. மெர்த்தர் டிட்வில் அருகே 2013 ஆகஸ்டில் திறந்த பைக்பார்க் வேல்ஸில், சைக்கிளை டிரெய்லரில் ஏற்றி வேனிலேயே மலையுச்சிக்குக் கொண்டுவிடுகிறார்கள். கெர்மிட் என்ற பச்சைத் தடம் அந்த உச்சியிலிருந்தே இறங்குகிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். தொடங்குபவரை அடிவாரத்திலேயே சுற்றவிடாமல், பள்ளத்தாக்கு முழுவதையும் காலடியில் காட்டி, மெதுவாகக் கீழே கூட்டிவருவது பெரிய மரியாதை. வடக்கே ப்ளைனை ஃபெஸ்டினியோகில், கல்பலகைக் குவாரிகளின் நடுவே 2012-இல் தடங்களைத் திறந்த ஆன்ட்டுர் ஸ்டினியோக், ஊர் மக்களின் சமூக நிறுவனம்; வருமானம் ஊருக்கே திரும்புகிறது. ஆனால் வேனுக்குக் கட்டணம் உண்டு, முன்பதிவு உண்டு. ஒரு முறை முயன்று பார்க்கலாமா என்று தயங்கும் குடும்பத்துக்கு அந்தச் செலவே ஒரு சிவப்புப் பலகை.

சரி, மையத்துக்கே போகாமல் வீட்டு வாசலிலிருந்து ஓட்டிப் பழகலாமே என்றால், சட்டம் குறுக்கே நிற்கிறது. 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் போக உரிமை தந்தது, நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. வேல்ஸின் பொதுவழிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் போகலாம் என்கிறது. வேல்ஸிலும் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு ஸ்னோடன் மலையே சான்று: மே முதல் செப்டம்பர் வரை காலை 10 மணி முதல் மாலை 5 மணிவரை உச்சிக்குப் போகும் குதிரைப் பாதைகளில் ஓட்டுவதில்லை என்று சைக்கிள்காரர்கள் தாமாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு அங்கே இருக்கிறது. மற்ற இடங்களில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சாதுவான வயல்வழியை விட்டுவிட்டு, சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு மையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. டோல்கெத்லாய்க்கு ரயில் 1965-லேயே நின்றுவிட்டது. கார் இல்லாதவருக்குக் கோயிட் அ ப்ரெனின் எட்டாத காடு.

இந்தப் பின்னணியில்தான் 2025 மார்ச் மாத இறுதியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அரசின் காடுகளைப் பராமரிக்கும் வேல்ஸ் இயற்கை வள அமைப்பு, பணப் பற்றாக்குறையால் கோயிட் அ ப்ரெனினிலும் பூல்க் நான்ட் எர் ஏரியன் என்ற இன்னொரு வன மையத்திலும் தன் பார்வையாளர் மையச் சேவைகளை நிறுத்தியது. தடங்கள் திறந்தே இருக்கும் என்றார்கள், இருந்தன. தேர்ந்த ஓட்டுநருக்கு அது போதும். சொந்த வண்டியும் சொந்தக் கருவிகளும் வைத்திருப்பவர் வந்து, ஓட்டி, போய்விடுவார். தொடங்குபவருக்குத் தடம் என்பது மண் தொடங்கும் இடத்தில் தொடங்குவதில்லை. எந்தத் தடம் உங்களுக்குச் சரி என்று சொல்ல ஓர் ஆள், சூடான தேநீர், நனைந்த பிள்ளைக்கு உடை மாற்ற ஓர் இடம்: இவை சேர்ந்ததுதான் பச்சைத் தடம். அமைப்பின் பண நெருக்கடி மெய்யானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்தச் சிக்கனத்தின் சுமை முழுவதும் நிறவரிசையின் கீழ்ப்படியில் நிற்பவர் மேல் விழுந்தது தவறு.

கோயிட் அ ப்ரெனினில் மினோடார் என்ற நீலத் தடம் ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் அகலமான வண்டிகளும் போகும்படி அதை அமைத்திருக்கிறார்கள். டாருவின் பாறைகளுக்குப் பெயர்பெற்ற காடு, இப்படி ஒன்றையும் யோசித்துக் கட்டியிருக்கிறது. மையத்தை மூடும் பேச்சு எழுந்தபோது உள்ளூர் மக்கள் ஒரு குழுவாகத் திரண்டு, அதைத் தாங்களே ஏற்று நடத்த முன்வந்தார்கள். கரி கோயிட் அ ப்ரெனின் என்பது குழுவின் பெயர். 'கரி' என்றால் வேல்ஷில் நேசிப்பது.