ஆபுத்திரன் சிரித்த சிரிப்பு

கிரேக்கப் புராணத்தின் வானக் கடவுள் யுரேனஸ் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது நம்ம வருணன்தானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பிரெஞ்சு அறிஞர் துமேசில் 1934இல் இதற்கென்று ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் பலர் அந்தச் சொல்லுறவை ஏற்பதில்லை. யுரேனஸ் என்ற பெயரை மழையோடு, சமஸ்கிருத 'வர்ஷ'த்தோடு சேர்க்கிறார்கள். பெயர்ப் பொருத்தம் பார்த்தது போதும். கதையில் யுரேனஸுக்குப் பக்கத்தில் வருபவன் மணிமேகலையின் இந்திரன் என்பது என் கட்சி.

ஹெசியட் சொல்லும் யுரேனஸ், பெற்ற பிள்ளைகளையே வெறுத்துப் பூமித்தாயின் வயிற்றுக்குள் திருப்பித் தள்ளுகிறான். கடைசி மகன் குரோனஸ் அரிவாளால் தகப்பனின் குறியை அறுக்கிறான். அத்தோடு ஆட்சி முடிந்தது.

சாத்தனாருக்கு அரிவாள் தேவைப்படவில்லை. ஊரே ஒதுக்கிய ஆபுத்திரன் மதுரையில் அமுதசுரபியை வைத்துக்கொண்டு வந்தவர்க்கெல்லாம் சோறு போடுகிறான். மேலே இந்திரனின் இருக்கை ஆட்டம் காண்கிறது. கிழவன் வேடத்தில் வந்து, தானத்துக்குப் பலன் தருகிறேன் என்கிறான். ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். பசித்தவன் முகம் தெளிவதைப் பார்ப்பவனுக்கு இவன் என்ன கொடுத்துவிட முடியும்?

அதற்கு இந்திரன் பழிவாங்கும் விதம்தான் அபாரம். இடியை எறியவில்லை. பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்ய வைக்கிறான். நாடு விளைகிறது, பசி தீர்கிறது, பாத்திரத்தைத் தேடி ஒருத்தரும் வரவில்லை. வரம் கொடுத்தே ஒருவனை அழிக்கிற கடவுளை நான் வேறெங்கும் படித்ததில்லை.

தென்னேரியில் இருந்து படிக்கும்போது இது உறைக்கிறது. ஏரி நிரம்பினால் வயல்காரருக்குக் கொண்டாட்டம். அதே அடைமழையில் குழித்தறிப் பள்ளத்தில் தண்ணி ஊறும், பாவு நமத்துப்போகும், நெசவாளர் வீட்டில் கூலி நிற்கும். யாரைக் குறை சொல்ல?

சாத்தனாரும் பாண்டிநாட்டு மக்களைக் குறை சொல்லவில்லை. சாப்பாடு கிடைத்தவர்கள் ஏன் வரவேண்டும்? ஆனால் புகாரைக் கடல் கொள்ளும் இடத்தில் அவர் இளகிவிடுகிறார் என்றே நினைக்கிறேன். அங்கே இந்திரவிழாவை மறந்ததற்குத் தண்டனை, அவ்வளவுதான். சிரிப்புக்கு ஆளானவனை மறுபடி பயமுறுத்தும் சாமியாக்கிவிட்டார். அது சாதாரணமான இந்திரன்.

ஆபுத்திரனோ கொடுக்க ஆளில்லாமல் சாவகத்துக்குக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுப் பட்டினி கிடந்து சாகிறான். இந்திரன் செல்லாக்காசாக்கிய அந்தப் பாத்திரம் பிறகு மணிமேகலை கைக்கு வருகிறது. அவள் அதை எடுத்துக்கொண்டு போகும் ஊர், மழை பொய்த்துப் பஞ்சத்தில் கிடந்த நம் காஞ்சி.