தள்ளி விழும் அடி

1994 கோடையில் லொல்லபலூசா என்னும் ஊர் சுற்றும் இசைவிழா டெட்ராய்ட் பக்கம் வந்தது. ஜார்ஜ் கிளின்டனின் பி-ஃபங்க் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஆம்ப் ஃபிட்லர், அதே விழாவுக்கு வந்திருந்த க்யூ-டிப்பைப் பிடித்து, தன் பேட்டைக்காரர் ஒருவரை அறிமுகம் செய்துவைத்தார். வயது இருபது. பேச்சு குறைவு. கையில் ஒரு கேசட். 'எ டிரைப் கால்டு க்வெஸ்ட்' குழுவின் முன்னணிக் குரலாக இருந்த க்யூ-டிப்பிடம் கேசட் நீட்டுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் பஞ்சம் இருந்திருக்காது. ஆனால் இந்தக் கேசட்டைக் கேட்டவர் சும்மா இருக்கவில்லை. டி லா சோல் குழுவினருக்குப் போட்டுக் காட்டினார். தன்னிடம் பீட் கேட்டு வந்த லாஸ் ஏஞ்சலிஸ் குழுவான ஃபார்சைடை அந்த இளைஞர் பக்கம் திருப்பிவிட்டார்.

இளைஞரின் பெயர் ஜேம்ஸ் டிவிட் யான்சி. அப்போது ஜே டீ. பின்னாளில் ஜே டில்லா.

பிறந்தது 1974 பிப்ரவரி 7. வளர்ந்தது டெட்ராய்ட்டின் கோனன்ட் கார்டன்ஸ் பகுதியில். தாய் மொரீன் ஆப்பெரா பாடியவர், தந்தை ஜாஸ் பேஸ் வாசித்தவர். ஆக, வீட்டிலேயே காது பழகிவிட்டது. பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளியில் கூட்டாளிகள் இருவர் கிடைத்தார்கள்: டி-த்ரீ, பாட்டீன். மூவரும் சேர்ந்து எழுப்பியதுதான் ஸ்லம் வில்லேஜ் என்ற ராப் குழு. பீட் கட்டும் வித்தை ஃபிட்லரின் வீட்டில் வந்தது. பேட்டைப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டு ஸ்டூடியோவைத் திறந்துவிட்டிருந்த அந்த நல்ல மனிதரிடம் எம்பிசி-60 என்ற இயந்திரம் இருந்தது. வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டாமல் தட்டித் தட்டியே கற்றுக்கொள் என்று விட்டுவிட்டாராம். வகுப்பு நடத்தாத ஆசிரியர் அமைவது சில சமயம் பாக்கியம்.

இந்த எம்பிசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது எதுவும் விளங்காது. ரோஜர் லின் வடிவமைத்து, ஜப்பானின் அகாய் நிறுவனம் 1988இல் வெளியிட்டது. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு நொடியை, அரை நொடியை வெட்டி உள்ளே ஏற்றி, பதினாறு ரப்பர் கட்டைகளில் ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொள்ளலாம். பிறகு விரலால் தட்ட வேண்டியதுதான். விரல் என்றால் முன்பின் ஆகும் அல்லவா? அதற்கும் மருந்து உள்ளேயே உண்டு. தட்டிய ஒவ்வோர் அடியையும் இழுத்துக்கொண்டுபோய்ச் சரியான கட்டத்தில் உட்கார்த்திவிடும் வசதி அது. அடிகளை ஒரே சீராகச் சற்று ஆட்டிவிட ஸ்விங் வசதியும் உண்டு. தொண்ணூறுகளின் ஹிப்ஹாப் பீட்டுகளில் பல இந்தக் கட்டங்களுக்குள்தான் பிறந்தன.

ஜே டீ அந்தக் கட்டங்களுக்குள் நிற்கவில்லை. சில அடிகளை இயந்திரம் திருத்தாமல் விரல் விட்ட இடத்திலேயே விட்டார். சிலவற்றைத் திருத்திய பின் மறுபடி வேண்டுமென்றே நகர்த்தினார். ஸ்னேர் இம்மியளவு முந்தி விழும். ஹை-ஹேட் ஒழுங்குப்பிள்ளையாக நேராக நடக்கும். கிக் டிரம் தனக்குத் தோன்றிய நேரத்துக்கு வரும்.

கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்குவது சுலபம். தாளத்துக்கு முந்தி எடுத்தால் அதீதம், பிந்தி எடுத்தால் அனாகதம். ஆனால் அங்கே தாளம் அசையாது. பாட்டுதான் தள்ளி எடுக்கும். ஜே டீயிடம் தாளத்தின் உறுப்புகளே ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கின்றன. அவரைப் பற்றி 2022இல் 'டில்லா டைம்' என்ற நூலை எழுதிய டான் சார்னஸ் அதில் வாதிடுவதும் ஏறக்குறைய இதைத்தான்: நேர்நடை ஒன்று, ஸ்விங் நடை ஒன்று, இரண்டும் ஒரே பாட்டுக்குள் உரசிக்கொண்டே ஓடுகின்றன.

அலட்சியம் என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. கவனமாகக் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. கை நழுவி விழுந்த அடி ஒருமுறை நன்றாக அமையலாம். பாட்டு முழுக்க, ஆல்பம் முழுக்க, குலுங்கியும் குப்புற விழாமல் தாளம் போகிறது என்றால் அது அளந்து வைத்த தள்ளாட்டம். அவரைத் திறமைசாலிகள் பலரிடமிருந்து பிரித்துக் காட்டும் கைத்திறன் இதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் பெரிய சாட்சி ஃபார்சைட் குழுவின் 1995ஆம் ஆண்டு ஆல்பம் 'லேப்கேபின்கலிஃபோர்னியா'. அதில் 'ரன்னின்' பாட்டுக்கு ஸ்டான் கெட்ஸும் லூயிஸ் போன்ஃபாவும் 1963இல் வெளியிட்ட போசா நோவா இசைத்தட்டிலிருந்து கிதார் துண்டை எடுத்தார். பிரேசில் கடற்கரை வெயிலில் காய்ந்த கிதார் அது. அதன் அடியில் டெட்ராய்ட்டின் கனமான டிரம்மை வைத்தபோது இரண்டும் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கிதாரின் மென்மை அப்படியே இருக்கிறது. பாட்டுக்கு மட்டும் ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. ஓடிக்கொண்டே இருப்பதைப் பற்றிய பாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஆல்பம் வெளிவந்த காலத்தில் ஃபார்சைடோடு சேர்ந்து பயணம் செய்த ரூட்ஸ் குழுவின் டிரம்மர் க்வெஸ்ட்லவ், அரங்குக்கு வெளியே நின்றபடி அதன் இன்னொரு பாட்டைக் கேட்டார். குடித்துவிட்ட குழந்தை ஒன்று கிக் டிரம்மை மிதிப்பதுபோல் இருந்தது என்று பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் கடிகாரம்போல் வாசிப்பதில் பேர்போனவர் அவர். அன்றோடு அந்தக் கடிகாரத்தின் மேல் அவருக்கிருந்த பக்தி போய்விட்டது.

1996இல் டி லா சோலின் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை' தலைப்புப் பாட்டு வந்தது. ஜாஸ் பியானோ மேதை அகமது ஜமாலின் இசைத்தட்டிலிருந்து சில நொடிகள்தான் முதல். அந்தச் சில நொடிகளையே சுற்றவிட்டு ஓர் எச்சரிக்கை மணியாக மாற்றிவிட்டார். அதே ஆண்டு க்யூ-டிப், அவருடைய குழுத்தோழர் அலி ஷஹீத் முகமது இருவரோடும் சேர்ந்து 'தி உம்மா' என்ற தயாரிப்புக் கூட்டணியில் நின்று, டிரைப் குழுவின் 'பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப்' ஆல்பத்துக்கு வேலை செய்தார். ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. பழைய ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. புதிதாக வந்தவர்மேல் பழி போட்டவர்களும் உண்டு. அந்த ஆல்பம் கொஞ்சம் வறட்சியானது என்பது உண்மைதான். ஆனால் வறட்சி பீட்டில் இல்லை. சலித்துப்போன குழுவின் குரலில் இருந்தது.

கூட்டணிப் பெயரால் ஒரு நஷ்டம். எந்தப் பீட் யாருடையது என்று வெளியே தெரியாது. ஜேனட் ஜாக்சனின் 1997ஆம் ஆண்டுப் பாட்டு 'காட் டில் இட்ஸ் கான்' வந்தபோது, ஜேனட், ஜிம்மி ஜாம், டெரி லூயிஸ் பெயர்களே தயாரிப்பாளர்களாக அச்சாகின. அதில் தன் கை இருப்பதாக ஜே டீ சொல்லிவந்தார். அந்தப் பாட்டின் டிரம்மைக் கேட்பவர்கள் அவரவர் முடிவுக்கு வரலாம்.

ராப்பராக அவர் எப்படி? இங்கேதான் ரசிகர்கள் சங்கடப்பட்டு நெளிவார்கள். ஸ்லம் வில்லேஜ் பாடல்களில் அவர் பாடிய வரிகளின் பொருளைத் தேடிப் போனால் பெண்கள், கார், தற்பெருமை இவற்றைத் தாண்டி அதிகம் கிடைக்காது. டிரைப் குழுவின் வாரிசுகள் என்று பத்திரிகைகள் ஒட்டிய சீட்டு அவருக்கே பொருந்தாத சட்டை. ஆனால் பொருளை விட்டுவிட்டு ஓசையைக் கேட்டால் வேறொரு ஆள் தெரிவார். வாயாலும் டிரம் வாசிக்கிறார். ஒரே அசையைத் திரும்பத் திரும்ப, ஸ்னேருக்கு முன்னொரு தரம் பின்னொரு தரம் வைக்கிறார். வல்லெழுத்துகளைக் கொண்டு ஹை-ஹேட்டோடு மோதுகிறார். மிருதங்கக்காரர் சொற்கட்டைச் சொல்லிக்காட்டும்போது யாரும் அதன் அர்த்தத்தைக் கேட்பதில்லை. இவருடைய ராப்பையும் அந்தக் காதோடு கேட்பதே நியாயம்.

குழுவின் முதல் ஆல்பமான 'ஃபன்டாஸ்டிக், வால்யூம் 1' 1996-97 வாக்கில் டெட்ராய்ட்டில் பதிவானது. கடைக்கு முறையாக வரும் முன்பே கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியாகி இசைக்கலைஞர்களிடையே ரகசியச் சொத்தானது. இரண்டாம் தொகுதிக்கோ கம்பெனி வழியில் சோதனை. ஒப்பந்தம் போட்டிருந்த ஏ அண்ட் எம் நிறுவனம் இணைப்பில் கரைந்துபோக, 2000 ஜூனில் குட்வைப் என்ற சிறு நிறுவனம்தான் அதை வெளியிட்டது.

அந்த இரண்டாம் தொகுதியில் 'பிளேயர்ஸ்' என்றொரு பாட்டு. பின்னணியில் குரல்கள் சேர்ந்து 'பிளேயர்ஸ்' என்று இழுப்பதுபோலவே கேட்கும். உண்மையில் அது 'சிங்கர்ஸ் அன்லிமிடெட்' என்ற குரலிசைக் குழு 'கிளேர்' என்ற பெண்பெயரைப் பாடுவது. வெட்டிய இடமும் மேலே ராப்பர்கள் அதே சொல்லைத் திரும்பச் சொல்வதும் சேர்ந்து காதை ஏமாற்றிவிடுகின்றன. உண்மை தெரிந்த பிறகும் காது ஏமாறுவதை நிறுத்துவதில்லை. அதே ஆல்பத்தின் 'ஃபால் இன் லவ்' கேப் மன்ஜோனியின் 1968ஆம் ஆண்டு இசையிலிருந்து பிறந்தது. தலைப்பைப் பார்த்துக் காதல் பாட்டு என்று நினைக்க வேண்டாம். தொழில்மோகத்தில் தன்னை இழப்பவர்களுக்கு அது புத்தி சொல்கிறது. பேஸ் எங்கோ பக்கத்து வீட்டில் ஒலிப்பதுபோல் மங்கிக் கேட்கும். மேல்சுருதி ஓசைகளை வடிகட்டிவிட்டு அடிப்பகுதியை மட்டும் நிறுத்தும் இந்த உத்தியை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தேயத் தேயப் பயன்படுத்திவிட்டார்கள்.

2000ஆம் ஆண்டு அவருக்கு அறுவடைக் காலம். க்வெஸ்ட்லவ், பாடகர் டிஏஞ்சலோ, ஜேம்ஸ் பாய்சர் ஆகியோரோடு 'சோல்க்வேரியன்ஸ்' என்ற கூட்டத்தில் இருந்தார். டிஏஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்தில் ஜே டீ பெயரில் தயாரித்த பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் க்வெஸ்ட்லவ் அதில் பின்தங்கிப் பின்தங்கி வாசிப்பதெல்லாம் இவரிடம் எடுத்த பாடம். மனிதனைப்போல் வாசிக்க இயந்திரத்தைப் பழக்கினார் ஒருவர். அந்த இயந்திரத்தைப்போல் வாசிக்கப் பழகினார் இன்னொருவர்! ராப்பர் காமன் பாடிய 'தி லைட்' பாட்டுக்கு ஜே டீ, பாபி கால்டுவெல்லின் 1980ஆம் ஆண்டுக் குரலை எடுத்துக் கொடுத்தார். கிராமி பரிந்துரை கிடைத்தது. பாடகி எரிக்கா படு டெட்ராய்ட் வந்தபோது தன் இசைத்தட்டுக் குவியலைக் காட்டி, நீங்களே ஒன்றை எடுங்கள் என்றாராம். எரிக்கா உருவிய தாரிகா ப்ளூ இசைத்தட்டிலிருந்து 'டிட்ன்ட் சா நோ' பிறந்தது.

மறு ஆண்டு லண்டனின் பிபிஇ நிறுவனத்துக்காக 'வெல்கம் 2 டெட்ராய்ட்' ஆல்பம். இசைத் தயாரிப்பாளர் ஜெர்மைன் டூப்ரியும் 'ஜே டீ' என்றே அழைக்கப்பட்டதால் குழப்பம் வேண்டாமென்று ஜே டில்லா என்ற பெயர் இதில்தான் நிலைத்தது. ஃபேட் கேட், எல்சை என்று உள்ளூர் ராப்பர்களுக்கு மேடை கொடுத்தார். டொனால்ட் பேர்டின் ஜாஸ் பாட்டொன்றைத் தானே பாடினார். போசா நோவா, ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் பாணி மின்னிசை என்று கைபோன பக்கமெல்லாம் போனார். சில இடங்களில் சோதனை சோதனையாகவே நின்றுவிடுகிறது. ஆனால் வெட்டியெடுத்த சாம்பிள் துண்டுகளை மட்டும் நம்பியிருப்பவர் இல்லை என்று காட்ட அது போதும்.

2006 பிப்ரவரி 7 அன்று, அவருடைய 32ஆம் பிறந்தநாளில், 'டோனட்ஸ்' ஆல்பம் வெளியானது. மூன்று நாள் கழித்து ரத்த நோயாலும் லூபஸ் நோயாலும் இறந்தார். அவர் பயன்படுத்திய எம்பிசி-3000 இப்போது வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் அவரை 'டோனட்ஸ்' வழியாகத்தான் அறிகிறார்கள். முதன்முறை கேட்பவர்கள் அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் 'ரன்னின்', அடுத்து 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை', அப்புறம் 'ஃபன்டாஸ்டிக்' இரண்டாம் தொகுதி முழுவதும். முதல் தடவை கிக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், அடுத்த தடவை ஸ்னேரை. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வேண்டாம்; அதில் பேஸும் கிக்கும் காணாமல் போய்விடும்.