மகளுக்கு ஒரு பத்திரம்

18, 19ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்தில், வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டால், தேவாலயத்துக்குப் போகும் முன்பே இரு வீட்டு வழக்கறிஞர்களும் திருமணப் பத்திரம் எழுதினார்கள். பெண் கொண்டுவரும் தொகை, அவளுடைய கைச்செலவுக்கு ஆண்டுதோறும் தரவேண்டியது, அவள் விதவையானால் கிடைக்கவேண்டியது, பிறக்கப்போகும் பிள்ளைகளின் பங்கு எல்லாம் அதில் வரும். அன்பில்லாத வியாபாரம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

காரணம், அன்றைய பொதுச் சட்டம். மணமான பெண்ணின் ரொக்கமும் நகையும் கணவனுக்கே சொந்தம். அவளுடைய நிலத்தின் வருமானமும் அவனுக்கே. பத்திரம்தான் அவள் சொத்தைப் பொறுப்பாளர்கள் பெயரில் வைத்து, சான்சரி நீதிமன்றத்தின் பாதுகாப்பில் நிறுத்தியது. சூதாடிக் கணவன் கை வைக்க முடியாது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' (1813) நாவலில் பென்னட் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் நிலம் ஆண் வாரிசுக்கே போகும். மனைவிக்கும் ஐந்து மகள்களுக்கும் பத்திரம் ஒதுக்கியது மொத்தம் 5,000 பவுண்டு. 4 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 200. அந்தத் தாயின் பதற்றத்தைப் பார்த்துச் சிரிக்கும் வாசகர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் பத்திரம் எழுதுவது தந்தையின் கையில் இருந்தது. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர் தந்தையின் சம்மதமின்றி உரிமம் பெற்று மணந்தால் அந்தத் திருமணம் செல்லாது. காதலர்கள் அந்தச் சட்டம் எட்டாத ஸ்காட்லாந்துக்கு, எல்லையோர கிரெட்னா கிரீன் ஊருக்கு ஓடினார்கள். ஓடிப்போனவளுக்குப் பெரும்பாலும் பத்திரம் ஏது? விரும்பியவனை மணந்தவள்தான் சட்டத்தின் முழுக் கொடுமைக்கும் ஆளானாள்.

இதைவிடப் பெரிய குறை வர்க்கம் சார்ந்தது. பருத்தி ஆலையில் உழைத்தவளுக்குப் பத்திரம் எழுதச் சொத்தும் இல்லை, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. அவள் கூலி கணவனுடையது. எழுத்தாளர் கரோலின் நார்ட்டன்கூடத் தப்பவில்லை. 1836இல் கணவரைப் பிரிந்தபோது பிள்ளைகளை இழந்தார். எழுதிச் சம்பாதித்த பணத்துக்கும் கணவர் உரிமை கோரினார். நார்ட்டன் போராடியதால் 1839இல் பிள்ளைகள் தொடர்பான சட்டம் சற்றே இளகியது. சொத்துச் சட்டம் அசையவில்லை. நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த தந்தையர் தங்கள் மகள்களைப் பத்திரத்தால் காப்பாற்றிக்கொண்டார்கள். சட்டத்தை மாற்றும் அவசரம் அவர்களுக்கு இல்லை. ஆலைப் பெண்ணின் கூலி அவளுக்கே சொந்தமாக 1870 வரை ஆயிற்று. மனைவியின் சொத்து முழுவதும் அவளுடையதாக 1882 வரை.