ஆற்றுப்படையும் சுற்றுலாக் கையேடும்: மாமல்லபுரக் கடற்கரையின் இரு விழாக்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு திங்கள் இடைவெளியில் இரு பெருங்கூடல்கள் நிகழ்கின்றன. ஒன்று, தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறை டிசம்பர், சனவரி மாதங்களில் நடத்தும் இந்திய நாட்டிய விழா. மற்றொன்று, மாசி முழுநிலவையொட்டி இருளர் மக்கள் கன்னியம்மனை வழிபடக் கடற்கரையில் கூடும் மாசிமக விழா. முன்னது பயணிகள் காணவேண்டிய பண்பாட்டு நிகழ்வாக அறிவிக்கப்படுகிறது. பின்னதைச் சுற்றுலா எழுத்து பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அன்றேல் ஒரு வரியில் கடந்து செல்கிறது. இத்தேர்வின் அடிப்படையைப் பெரும்பாணாற்றுப்படையின் வழிகாட்டும் முறையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பயணியை விருந்தினராகக் கருதும் எழுத்துக்கும் பார்வையாளராக மட்டும் கருதும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடே இத்தேர்வைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மாமல்லபுரம், ஆற்றுப்படை, சுற்றுலா எழுத்து, நாட்டிய விழா, மாசிமகம், இருளர், விருந்தோம்பல்

1. முன்னுரை

சுற்றுலாக் கையேடு இலக்கியத் திறனாய்வின் பொருளாக அரிதாகவே கொள்ளப்படுகிறது. பயன் கருதி எழுதப்படும் உரை என்னும் காரணத்தால் அது ஆய்வுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. ஆயினும் ஓர் ஊரில் காணத்தக்கது எது, காணவேண்டாதது எது என்று வரையறுக்கும் அதிகாரம் அவ்வுரைக்கு உண்டு. அவ்வரையறையைப் பின்பற்றியே பேருந்துகள் நிற்கின்றன, கடைகள் அமைகின்றன, அரசின் நிதியும் விளக்கொளியும் சென்று சேர்கின்றன. எனவே கையேட்டின் தேர்வுகளைத் திறனாய்வு செய்வது, ஓர் ஊரின் பண்பாடு யாருடையதாக அறியப்படுகிறது என்பதை ஆராய்வதும் ஆகும்.

மாமல்லபுரம் இதற்குத் தக்க களம். 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இவ்வூர்ச் சின்னங்கள் இடம்பெற்றன. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்குச் சந்தித்தபோது கடற்கரைக் கோயிலின் முன் கலாக்ஷேத்ராவின் நிகழ்ச்சி அரங்கேறியது. பல்லவச் சிற்பமும் செவ்வியல் நாட்டியமும் இணைந்த இக்காட்சியே இன்று உலகறிந்த மாமல்லபுரம். இக்காட்சி எவ்வாறு உருவாகியது, அதன் எல்லைக்கு வெளியே எது நிற்கிறது என்பன இங்கு எழும் வினாக்கள்.

2. வழிகாட்டும் தமிழ் மரபு

பயணிக்கு வழிகாட்டும் எழுத்து தமிழுக்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையுற்று எதிர்வரும் கலைஞரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் இலக்கிய வகையைச் சங்க காலத்தவர் வளர்த்தெடுத்தனர். அவற்றுள் பெரும்பாணாற்றுப்படை நம் ஆய்வுக்களத்திற்கு மிக அணுக்கமானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள் கொண்ட இந்நூல், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகிறது. இது விவரிக்கும் வழி தொண்டை நாட்டினூடே செல்வது. நூல் சுட்டும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தை இன்றைய மாமல்லபுரத்தோடு இணைத்துக் காணும் ஆய்வாளரும் உளர். அக்கருத்து முடிந்த முடிபன்று. எனினும் இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் நிலப்பரப்பை உள்ளடக்கிய நாட்டைப் பற்றிய பழைய வழிகாட்டி நூல் இது என்பதில் ஐயமில்லை.

இந்நூலின் அமைப்பில் ஒரு கூறு சிறப்பாக நோக்கத்தக்கது. வழியிலுள்ள ஒவ்வொரு குடியும் தன் உணவின் வழியே அறிமுகமாகிறது. எயிற்றியர் கரம்பு நிலத்தைக் கடப்பாரை போன்ற கோலால் கிளறிப் புல்லரிசியை எடுக்கின்றனர். விளாமர நிழலில் நிலவுரலில் இட்டுக் குற்றுகின்றனர். கிணற்றில் ஊறிய உவர்நீரை முகந்து உலையேற்றிச் சமைக்கின்றனர். அச்சோற்றை உலர்ந்த ஊனோடு பாணர் பெறுவர். ஆயர் குடியில் பாலும் தினைச்சோறும், உழவர் மனையில் நெல்லரிசிச் சோறும் கோழிப் பொரியலும், அந்தணர் இல்லத்தில் மாவடு ஊறுகாயுடன் கூடிய உணவும் கிடைக்கும். ஒவ்வோர் இடத்தும் 'பெறுதல்' என்னும் வினை மீள மீள வருகிறது. காட்சிகளும் நூலில் உண்டு. துறைமுகத்தின் உயர்ந்த கலங்கரை விளக்கம் அவற்றுள் ஒன்று. ஆனால் காட்சி, விருந்துக்குச் செல்லும் வழியிலேயே அமைகிறது. பயணி ஒரு குடியைக் காண்கிறான் என்பதைவிட அக்குடியால் ஏற்கப்படுகிறான் என்பதே முதன்மை பெறுகிறது.

ஆற்றுப்படையை இலட்சிய நூலாகக் கொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. புரவலனின் புகழே அதன் இறுதிப் பொருள். குடிகளின் விருந்தோம்பலும் அப்புகழுக்குச் சான்றாகவே கூறப்படுகிறது. ஆயினும் எயினரை விடுத்து அந்தணரை மட்டும் காட்டும் வழியை உருத்திரங்கண்ணனார் தேர்ந்தெடுக்கவில்லை. வழியில் வாழ்வோர் அனைவரும் வழிகாட்டியில் இடம்பெறுகின்றனர். இக்கூறே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

3. கையேட்டின் மாமல்லபுரம்

இன்றைய சுற்றுலா எழுத்தில் மாமல்லபுரம் ஒரு பட்டியலாக விரிகிறது: கடற்கரைக் கோயில், ஐந்து இரதங்கள், அருச்சுனன் தபசு, கிருட்டிண மண்டபம், சாளுவன்குப்பத்துப் புலிக்குகை. வடக்கே முதலைப் பண்ணையும் முட்டுக்காட்டின் தட்சிணசித்ராவும் சேர்க்கப்படுகின்றன. இப்பட்டியலின் முதன்மை வினை 'காணுதல்'. ஊரில் வாழ்வோர் இதில் பெரும்பாலும் இரு நிலைகளிலேயே இடம்பெறுகின்றனர்: விற்போர், வித்தை காட்டுவோர்.

சிற்பிகள் முதல் நிலைக்குச் சான்று. 1957இல் இங்கு நிறுவப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைப் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி அதன் முதல்வராகப் பணியாற்றியவர். மாமல்லபுரக் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன. உளியோசை இவ்வூரில் இன்றும் கேட்கும் கலை ஒலி. ஆயினும் கையேடுகளில் சிற்பக் கூடம் நினைவுப்பொருள் வாங்கும் இடமாகச் சுருங்கிவிடுகிறது.

இருளர் இரண்டாம் நிலைக்குச் சான்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டபின் பாம்புத்தோல் வணிகத்தைச் சார்ந்திருந்த இருளரின் வாழ்வாதாரம் முடங்கியது. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்சு எடுத்தல் என்னும் புதிய தொழிலாக அவர்தம் அறிவை மாற்றியது. பாம்புக்கடி முறிமருந்து உற்பத்திக்கு அந்நஞ்சு மூலப்பொருள். 2023இல் இம்மாவட்டத்து இருளர் இருவர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். வடநெம்மேலியில் நஞ்சு எடுக்கும் செயல்முறையைப் பயணிகள் கட்டணம் செலுத்திக் காண்கின்றனர். இருளர் கையேட்டினுள் நுழைவது இவ்வாயில் வழியே மட்டும்தான். பாம்பைக் கையாள்வோராகக் காட்டப்படும் அவர்கள், விழாவும் தெய்வமும் உடைய மக்களாகக் காட்டப்படுவதில்லை.

4. சிற்பம் பின்திரையாதல்

நாட்டிய விழாவின் தொடக்கக் காலத்தில் அருச்சுனன் தபசுச் சிற்பத்தின் முன் மேடை அமைக்கப்பட்டது. பின்னாளில் விழா கடற்கரைக் கோயில் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. பரதம், குச்சிப்புடி, கதக், ஒடிசி, மோகினியாட்டம், கதகளி முதலிய வடிவங்களோடு நாட்டுப்புறக் கலைகளும் மேடையேறுகின்றன. கட்டணமில்லா நிகழ்ச்சியாகப் பொதுமக்களும் காண இடந்தருவது இவ்விழாவின் சிறப்பு. சென்னை அரங்குகளுக்குச் செல்ல இயலாத பலருக்கு இந்திய நடன வடிவங்களை அறிமுகப்படுத்தும் வாயிலாகவும் இது விளங்குகிறது. இப்பயனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது.

திறனாய்வுக்குரியது அதன் அரங்க அமைப்பே. தொல்சின்னத்தின் முன் இசையும் நாடகமும் நிகழ்த்தும் முறைக்குத் தென் ஐரோப்பிய நகரங்கள் நன்கறியப்பட்ட முன்மாதிரிகள். இத்தாலியின் வெரோனா நகர உரோமானிய வட்டரங்கில் 1913 முதல் இசைநாடக விழா நடைபெறுகிறது. ஏதென்ஸின் விழா 1955 முதல் ஏரோதசு அத்திகசு அரங்கிலும் எபிடாரசு அரங்கிலும் நிகழ்கிறது. இம்மூன்றும் பார்வையாளர் அமர்ந்து காண்பதற்கென்றே கட்டப்பட்டவை. அங்கு நிகழும் கலை, கட்டடத்தின் பழைய பயன்பாட்டை ஏதோவொரு வகையில் தொடர்கிறது.

மாமல்லபுரத்தின் நிலை வேறு. அருச்சுனன் தபசு ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறைப் புடைப்புச் சிற்பம், அது அரங்கமன்று. நடுப்பிளவில் நாகர்கள் நீந்தி மேலேறுகின்றனர். பாறையின் மேல் நீர் தேக்கிப் பிளவின் வழியே வழியவிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின் அச்சிற்பமே ஒரு நிகழ்த்துகலை. நீரும் ஒளியும் கல்லும் சேர்ந்தியங்கும் விழா. அதன் முன் மேடையிட்டு வண்ண விளக்கைப் பாய்ச்சும்போது, நிகழ்த்தும் பொருளாக இருந்த சிற்பம் பின்திரையாக மாறுகிறது. பார்வையாளர் ஆடுபவரைக் காண்கின்றனர். சிற்பம் ஒளிப்படத்தின் பின்னணியாகிறது.

அப்பின்னணியில் காணாமற்போவன எவை என்பதும் நோக்கத்தக்கது. அச்சிற்பத்தில் தேவரும் முனிவரும் மட்டும் இல்லை. யானைக் கூட்டமும், தவமிருக்கும் பூனையும், அதன் காலடியில் எலிகளும், வில்லேந்திய வேடரும் உளர். அடுத்துள்ள கிருட்டிண மண்டபத்தில் ஆவைக் கறக்கும் ஆயன் செதுக்கப்பட்டுள்ளான். பல்லவச் சிற்பியின் பார்வை காட்டையும் தொழுவத்தையும் உள்ளடக்கியது. பெரும்பாணாற்றுப்படை போலவே கல்லும் வேடருக்கும் ஆயருக்கும் இடமளித்தது. அவ்விடத்தைச் சுருக்கியது நமது மேடையே.

5. கடற்கரையின் மற்றொரு விழா

மாசி மகத்தையொட்டி மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் கோயிலின் கடலாடு விழா நடைபெறுகிறது. இதே நாள்களில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கடற்கரைக்கு வருகின்றன. சேலைகளையும் கழிகளையும் கொண்டு மணலில் குடில் அமைத்துத் தங்குகின்றன. சினந்து கடலுக்குச் சென்ற கன்னியம்மனை வழிபட்டு மீண்டும் அழைத்துவருதல் இவ்விழாவின் நம்பிக்கை. முழுநிலவு கழிந்த விடியற்காலையில் அலையோரத்து மணலில் ஏழு படிகள் கட்டி, பூவும் பழமும் தேங்காயும் படைத்து வழிபடுகின்றனர். மொட்டையடித்தல், காது குத்துதல், பெயரிடுதல், திருமண உறுதி, திருமணம் ஆகியன அம்மணலிலேயே நடைபெறுகின்றன. ஆண்டு முழுதும் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் பிறர் நிலத்திலும் சிதறி உழைக்கும் ஒரு சமூகம், உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் நாள் அது.

இவ்விழாவை நாட்டிய விழாவோடு ஒப்பிடுகையில் மூன்று வேறுபாடுகள் புலப்படுகின்றன. முதலாவது, இங்கு மேடை இல்லை. ஆடுவோரும் காண்போரும் ஒருவரே. இரண்டாவது, கட்டப்படும் தலம் ஒரு பகலுக்குள் கரைந்துவிடுகிறது; பாதுகாக்கத்தக்க சின்னமென எதுவும் எஞ்சுவதில்லை. மூன்றாவது, இங்கு வருவோரும் பயணிகளே. நெடுந்தொலைவு கடந்து, செலவு செய்து, ஓர் ஊரில் தங்கித் திரும்புவோரைப் பயணி என்று அழைப்பதாயின், மாமல்லபுரத்தின் பெரும் பயணிக் கூட்டங்களுள் ஒன்று இருளர் கூட்டம். ஆயினும் 'சுற்றுலாப் பயணி' என்னும் சொல் அவர்களைக் குறிப்பதில்லை. காணப்படுவோராகவும் அவர்கள் கையேட்டில் இல்லை, காண்போராகவும் இல்லை.

6. பந்தியும் பார்வையும்

ஆற்றுப்படை எழுப்பும் வினா உணவைப் பற்றியது: வழியில் வருவோருக்கு இவ்வூர் சோறிடுமா? மாமல்லபுரத்தில் இவ்வினா அண்மையில் நேரடியாகவே எழுந்தது. 2021இல் பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர், கோயில் அன்னதானப் பந்தியில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதைப் பொதுவெளியில் எடுத்துரைத்தார். பின்னர் அறநிலையத்துறை அமைச்சர் அக்கோயிலிலேயே அவருடன் அமர்ந்து உண்டார். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் முதலமைச்சர் பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா உள்ளிட்ட உதவிகளை வழங்கினார். உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கு மிக அருகில் வாழும் மக்கள், ஒரு பந்தியில் அமர்வதற்கும் குரல் எழுப்ப வேண்டியிருந்தது என்பதே இந்நிகழ்வின் பொருள். எயிற்றியரின் முற்றத்தில் பாணர் சோறு பெற்ற நாட்டில் இவ்வினா தலைகீழாகியுள்ளது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மாசிமகத்தைக் கையேட்டில் சேர்த்தால் அதுவும் காட்சிப்பொருளாகாதா? ஒளிப்படக் கருவிகள் மணல் குடில்களைச் சூழாவா? இம்மறுப்பு வலிமையுடையது. எசுப்பானியாவின் செவில்லே நகரில் புனித வாரத்து ஊர்வலங்களைச் சமயக் குழுமங்களே நடத்துகின்றன. அவை செல்லும் தெருக்களும் நேரமும் பயணிகளுக்கு அறிவிக்கப்படுகின்றன. விழாவை நடத்தும் உரிமை நடத்துவோரிடமே இருப்பதால், காண்போர் பெருகினும் அது அவர்தம் வழிபாடாகவே நிலைக்கிறது. ஆனால் செவில்லேயின் குழுமங்களுக்கு நகரில் நிலமும் கோயிலும் செல்வாக்கும் உண்டு. மணலில் இரு நாள் தங்கும் இருளருக்கு அவை இல்லை. ஆகவே அறிவிப்பு மட்டும் இங்குத் தீர்வாகாது. குடிநீர், கழிப்பறை, விளக்கு, மருத்துவ உதவி ஆகியன நாட்டிய விழாவுக்குரிய அதே பொறுப்புணர்வோடு முதலில் அமைதல் வேண்டும். எதைக் காட்டுவது, எதைக் காட்டாதிருப்பது என்பதை இருளரே முடிவு செய்தல் வேண்டும். ஒளிப்படம் எடுக்கலாகாது என்பது அவர்தம் முடிவாயின், கையேடு அதனையே எழுதுதல் வேண்டும்.

7. முடிவுரை

மாமல்லபுரத்தின் இரு விழாக்களுள் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் இக்கட்டுரையின் கருத்தன்று. நாட்டிய விழா தொடரத்தக்கது; சிற்பத்தைப் பின்திரையாக்காத அரங்க அமைப்பை அது தேடுதல் வேண்டும். மாசிமகம் மேடைக்குக் கொண்டுவரப்பட வேண்டியதன்று. ஊரின் விழாவாக ஏற்கப்பட வேண்டியது. சுற்றுலா எழுத்து இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவதற்குத் தேவையான இலக்கண மாதிரி தமிழிலேயே உள்ளது. வழியில் வாழ்வோர் யாவர், அவர்கள் உண்பது யாது, அவர்களிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்று கூறிய பின்னரே காட்சிகளைக் கூறும் நூல்முறை அது. ஆற்றுப்படை இலக்கியங்களைப் பண்டைய நிலவியல் சான்றுகளாக மட்டும் பயிலாது, வழிகாட்டும் எழுத்தின் அறத்தை அளக்கும் கருவியாகவும் பயன்படுத்தலாம். கூத்தராற்றுப்படையாகிய மலைபடுகடாத்தின் நன்னன் நாட்டு வழியையும், சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்து வழியையும் இன்றைய சுற்றுலா எழுத்தோடு ஒப்பிடும் ஆய்வுகள் இத்திசையில் மேற்கொள்ளத்தக்கவை.