நூறு பவுண்டு பிஎச் மீட்டர்: வீட்டில் பியர் காய்ச்சுபவருக்குத் தேவையா?

பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு பியர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்று பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள்கூடத் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றிவிடுவார்கள். லண்டன் மாதிரி சுண்ணாம்புத் தண்ணீர் வரும் ஊரில் அங்கேதான் சிக்கல். அதைப் பிடித்துக் கொடுக்கும் கருவி என்று பிஎச் மீட்டரைச் சொல்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பவுண்டு பேனா மீட்டர் ஒன்றையும், நூறு பவுண்டை ஒட்டிய விலையில் எலக்ட்ரோடைக் கழற்றி மாற்றக்கூடிய மீட்டர் ஒன்றையும் ஒரே மேஷில் வைத்துப் பார்த்தேன்.

எதை அளக்கிறோம்?

உடைத்த மால்ட்டைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதுதான் மேஷ். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளுக்கு பிஎச் 5.2 முதல் 5.6 வரை தோதானது. அதைத் தாண்டினால் உமியின் துவர்ப்பு பியரில் இறங்கும். தண்ணீரின் காரத்தன்மைக்குக் காரணமான பைகார்பனேட் பிஎச்சை மேலே தூக்கும். கால்சியம் மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து கீழே இழுக்கும். மூன்றரைப் பங்கு கால்சியம் ஒரு பங்கு காரத்தன்மையை ஈடுகட்டும் என்று 1953இல் கணக்குச் சொன்னவர் ஜெர்மனியின் பால் கோல்பாக். வறுத்த மால்ட்டின் அமிலமும் சுண்ணாம்பை அடக்கும். லண்டன் கறுப்பு போர்ட்டருக்கும், மென்தண்ணீர் ஊரான பில்சன் வெளிர் லாகருக்கும் பேர்போனது இதனால்தான். பிஎச் அளவுகோலே 1909இல் கார்ல்ஸ்பெர்க் பியர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எஸ்.பி.எல். சோரன்சன் வகுத்தது.

கையில் எடுத்தபோது

இரண்டையும் பிஎச் 4, பிஎச் 7 பஃபர் கரைசல்களில் அளவு திருத்திக்கொண்டேன். பேனா மீட்டரின் பிழை வரம்பு 0.1. நமக்கு வேண்டிய இடைவெளியே 0.4தான் என்பதால், அது 5.5 என்று காட்டினால் உண்மை 5.4ஆகவும் இருக்கலாம், 5.6ஆகவும் இருக்கலாம். எண் ஓரிடத்தில் நிற்கவும் நேரம் எடுத்தது. விலை கூடியது 0.02 துல்லியத்தோடு சீக்கிரமே நிலைத்து நின்றது.

இரண்டு பெட்டியிலும் 'தானியங்கி வெப்பத் திருத்தம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பிச் சூடான மேஷில் முக்கக் கூடாது. அது திருத்துவது எலக்ட்ரோடின் மின்னழுத்தத்தை மட்டும். மேஷின் பிஎச்சே சூட்டில் 0.3 அளவுக்குக் குறைந்திருக்கும். நூல்கள் பெரும்பாலும் சொல்லும் 5.2–5.6 என்பதோ அறை வெப்பநிலைக் கணக்கு. சூட்டில் எலக்ட்ரோடின் ஆயுளும் குறையும். மேஷிலிருந்து வடியும் இனிப்புச் சாறான வோர்ட்டை ஒரு கரண்டி சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு அளப்பதுதான் முறை.

மீட்டர் செய்யாதது

மால்ட் நனைந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே மாதிரி எடுக்க முடியும். அது ஆறி, எண் தெரிவதற்குள் மாவுச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரையாகியிருக்கும். ஆக, மீட்டர் இன்றைய பியரைக் காப்பாற்றாது. அடுத்த பியருக்கான கணக்கைத் திருத்தும். அந்தக் கணக்குக்கு மார்ட்டின் பிரங்கார்டின் 'புருன் வாட்டர்' விரிதாள் இருக்கிறது. தண்ணீர் விவரத்தையும் மால்ட் எடைகளையும் கொடுத்தால் மேஷ் பிஎச்சை முன்கூட்டியே சொல்லும். அதற்குத் தண்ணீரின் காரத்தன்மை தெரிய வேண்டும். மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் மலிவான சொட்டுச் சோதனையே அதற்குப் போதும். காரத்தன்மை 200 பிபிஎம் உள்ள 20 லிட்டர் தண்ணீரை 30க்கு இறக்க, 80 சதவீத லாக்டிக் அமிலம் ஆறேழு மில்லி பிடிக்கும்.

பராமரிப்பு

எலக்ட்ரோடைக் காயவிடக் கூடாது. காய்ச்சி வடித்த நீரிலும் போட்டு வைக்கக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஓரிரு ஆண்டில் அது தளரும். அப்போது பேனா மீட்டரை மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். மற்றதில் எலக்ட்ரோடை மட்டும் மாற்றலாம்.

வாங்கலாமா?

எப்போதாவது காய்ச்சுபவர் சொட்டுச் சோதனை, லாக்டிக் அமிலம், ஒரு சிரிஞ்சு, விரிதாள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே செய்முறையைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் சுவையைச் செதுக்குபவர் நூறு பவுண்டு மீட்டரை வாங்கலாம். பேனா மீட்டர் இருவருக்குமே வேண்டாம்.