ஏலமலை வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை ஏறுகிற வருஷம் துப்பாக்கிப் பேச்சும் கூடவே ஏறும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்தக் கணக்கில் 50 கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம். அதை மலை மேல் தகரக் கூரை ஸ்டோரில் பூட்டிவிட்டு, கீழே போடியில் வந்து படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? "அண்ணே, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு துப்பாக்கி எடுக்கணும், எது நல்லது?" என்று அப்போது கேட்கத் தொடங்கியவர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

அப்பா வைத்திருந்த 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. சுடுதளத்தில் பம்ப் ஆக்‌ஷனும் .32 ரிவால்வரும் சுட்டுப் பழகியிருக்கிறேன். ஏர்கன் சின்ன வயசிலிருந்தே வீட்டில் உண்டு. இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்: நம் ஊர்ப்பக்கத்து வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டியே ஆக வேண்டும் என்றால் இரட்டைக் குழல்தான் சரி. ஆனால் தோட்டத்துக் காயைக் காக்க அதை வாங்காதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை பொருந்துகிற குழல் 12 போர். உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். கட்டையின் கழுத்தில் இருக்கும் நெம்பைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளினால் குழல்கள் முன்பக்கமாக மடங்கி, பின்வாய் இரண்டும் திறந்துகொள்ளும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். கரண்ட் போன ராத்திரியில் விரலை விட்டே தடவித் தெரிந்துகொள்ளலாம். இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில், துப்பாக்கி காலியா இல்லையா என்பதில் துளிச் சந்தேகமும் இருக்கக்கூடாது. பம்ப் ஆக்‌ஷன் வேகமானதுதான். ஆனால் அதன் தோட்டாக்கள் முன்குழாய்க்குள் மறைந்திருக்கும். பழக்கமில்லாதவர் காலி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கையில் ஒன்று அறைக்குள்ளேயே இருந்துவிடலாம்.

இரட்டைக் குழலை மூன்று துண்டாகக் கழற்றலாம். குழல் ஒரு பீரோவிலும் கட்டை இன்னொன்றிலும் இருந்தால், திருடன் கையில் கிடைத்தாலும் அது துப்பாக்கி ஆகாது. குறை நீளம்தான். 28, 30 அங்குலக் குழலோடு போடியின் பழைய வீட்டு ரேழியில் திரும்பினால் நிலையில் இடிக்கும். அதனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் திருடனைத் தேடவே கூடாது. குடும்பத்தை ஓர் அறைக்குள் சேர்த்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கதவைப் பார்த்தபடி நின்று போலீசுக்குப் போன் அடிக்கிறவருக்குத்தான் இந்த ஆயுதம் பொருந்தும்.

மலையில் இதற்கு முதல் எதிரி ஈரம். ஜூனில் மழை பிடித்தால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். தோல் உறையில் போட்டு மாட்டி வைத்த துப்பாக்கி, உறை குடித்த ஈரத்திலேயே துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்துக் காற்றுப் படுகிற பூட்டிய அலமாரியில் வைப்பதே நல்லது. பழைய காகித உறைத் தோட்டாக்கள் ஈரத்தில் உப்பி அறைக்குள் இறங்காது. பிளாஸ்டிக் உறை வாங்குங்கள்.

தோட்டா விஷயத்தில் ஒரு தப்பான நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. ரவை சிதறுமாம், குறி பார்க்க வேண்டியதில்லையாம். ஒரு முறை காகித அட்டையை ஐந்து மீட்டரில் நிறுத்திச் சுட்டுப் பாருங்கள். ஒன்பது பெரிய ரவை உள்ள எஸ்ஜி தோட்டா அந்தத் தூரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மேல் விரியாது. கதவுக்கும் கட்டிலுக்கும் இடையே அவ்வளவு தூரம்தானே! குறி தவறினால் ஒன்பதும் சேர்ந்தே தவறும். தவறிய ரவை எங்கே போகும்? எஸ்டேட் லயங்களில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே பல இடங்களில் பலகைதான் சுவர். பலகை எஸ்ஜி ரவையை நிறுத்தாது. தோட்டாவை அறையில் இடும் முன்பே, எந்தத் திசையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

.32 ரிவால்வர் பலருக்குக் கனவு. 2014இல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் சுமார் 500 கிராம், கைப்பைக்குள் அடங்கும். 2023 ஆகஸ்டில் வந்த பிரபல் 50 மீட்டர் வரை சுடும் என்கிறார்கள். அதன் உருளை பக்கவாட்டில் திறப்பதால் தோட்டா போடுவது எளிது. பொருளாக இரண்டும் அழகானவை. ஆனால் வீட்டுக்குள் 50 மீட்டருக்கு வேலை இல்லை. சின்னக் குழல், கனமான விசை, படபடக்கும் நெஞ்சு மூன்றும் சேர்ந்தால் ஐந்து மீட்டரிலேயே குண்டு எங்கேயோ போகும். மாதம் தவறாமல் சுடுதளத்துக்குப் போகிறவருக்கு மட்டுமே ரிவால்வர் உதவும். போடியில் இருந்துகொண்டு அப்படிப் போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சட்டமும் நீளக் குழலுக்குத்தான் வழிவிடுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பாதுகாப்புக்கென்று கேட்கும் குடிமகனுக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியை ஒரு தனி இனமாகவே வைத்திருக்கிறது. மறுக்கத் தகுந்த காரணம் இல்லையென்றால் உரிமம் தர வேண்டும். ரிவால்வர் என்றால் உங்களுக்கு அது தேவைப்படும் நியாயமான காரணத்தை அதிகாரி ஏற்க வேண்டும். மனு கலெக்டருக்கு. நடுவில் போலீஸ் அறிக்கை உண்டு. ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, உரிமம் ஐந்து ஆண்டுக்கு என்பது 2019 திருத்தம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு வரும். அந்த மாதங்களில் உங்கள் காவல் பூட்டும் விளக்கும் நாயும்தான் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத .177 ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் இருட்டில் அதை நீட்டினால் எதிரே நிற்பவன் நிஜத் துப்பாக்கி என்றே நினைப்பான். கையில் அரிவாளோ துப்பாக்கியோ இருந்தால் அவன் முந்திக்கொள்வான். குறி பழக வைத்துக்கொள்ளுங்கள், அதோடு சரி.

இனி சுடும் உரிமைக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரை. கொலையோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில், தாக்குகிறவன் உயிரே போனாலும் குற்றமில்லை என்கிறது 38. சொத்துக்கு 41: கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் வீடு உடைத்துப் புகுதல், குடியிருப்புக்கோ சரக்கு வைக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல் ஆகியவற்றில் மட்டும் அந்த எல்லை வரை போகலாம். சாதாரணத் திருட்டானால், உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும்படி நடந்திருக்க வேண்டும்.

இதை ஏலத்தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி பூட்டை உடைத்து ஸ்டோருக்குள் நுழைகிறவன் ஓர் இனம். ஸ்டோர் பொருள் காக்கும் கட்டடம் என்பதால் அது வீடு உடைத்துப் புகுதலுக்குள் வரும். திறந்த தோட்டத்தில் சரத்திலிருந்து பச்சைக்காயை உருவிக்கொண்டு போகிறவன் வேறு இனம். அவன் செய்வது திருட்டு. அவனைப் பிடிக்கலாம், தடுக்கலாம், சுட்டுக் கொல்ல உரிமை கிடையாது. முதல் இனத்திலும் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது: போலீசை அழைக்க அவகாசம் இருந்தால் உரிமை இல்லை, தேவைக்கு மேல் காயம் செய்யவும் உரிமை இல்லை. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் தெளிவாக்கியது. தாக்கப்படுகிறவன் கோழையாக ஓட வேண்டியதில்லை, அடியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அச்சம் தீர்ந்த நொடியில் உரிமையும் தீர்ந்தது. தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு சுட்டவர் மேல்தான் விழும்.

யானையைப் பற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் தெருக்களில் நடந்ததிலிருந்து அந்தப் பயம் நியாயமானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாக்கவில்லை. ஆனால் காயைக் காக்க என்று யானையைச் சுட அதில் இடமில்லை. பெருரவை யானையைச் சாய்க்காது. காயம்பட்ட யானை அடுத்த லயத்துக்குத்தான் போகும். வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. வீடு போடியில், தோட்டம் கேரளத்துப் பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ. உரிமத்தில் எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அதே துப்பாக்கி உரிமமில்லாத துப்பாக்கி. காவலாளியிடம் கொடுத்தனுப்பினால் அவர் மேலும் வழக்கு வரும். மனுப் போடும்போதே கேரளத் தோட்டத்தின் விவரத்தையும் பத்திரங்களையும் வைத்து எல்லையை விரித்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் துப்பாக்கி போடி வீட்டிலேயே இருக்கட்டும். மேலே ஸ்டோருக்குக் கனமான இரும்புக் கதவும் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கும் போடுங்கள். காய் காய்ந்ததும் மூட்டையை அங்கே தங்கவிடாமல் அன்றைக்கே ஜீப்பில் இறக்கிவிடுங்கள்.