உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் அமைப்பு விதிகள்: ஒரு திறனாய்வு

இலக்கண நூலொன்றின் திறம் அதன் பொதுவிதிகளில் மட்டும் விளங்குவதன்று. புறனடைகளிலேயே அது முற்றும் விளங்கும். வழக்குப் பெயர்ந்தவிடத்து நூல் யாது செய்தல் வேண்டும் என்பதனை முன்னரே எண்ணிப் பார்த்த ஆசிரியனே புறனடை வகுக்கின்றான். அறிஞர் கழகங்கள் தமக்கென வகுத்துக்கொள்ளும் அமைப்பு விதிகளையும் இவ்வளவைகொண்டே நோக்குதல் தகும். எல்லாரும் ஒருமனப்பட்டிருக்குங்கால் எவ்விதியும் போதும். விதியே வேண்டா என்றுகூடக் கூறலாம். கருத்து வேற்றுமை தோன்றிய அன்றே விதியின் இயல்பு வெளிப்படும். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்திற்கு அந்நாள் வந்து சில ஆண்டுகள் கழிந்துவிட்டன.

2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பதினோராம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற்றது. ஒருமுறையன்று, இருமுறை, சென்னையில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றும். இரண்டும் ஒரே எண்ணைத் தாங்கின. இரண்டையும் கூட்டியோர் தாமே மன்றத்தினர் என்றனர். இவருள் எவர் கூற்று முறையானது என்று தீர்ப்புரைக்க நாம் முற்படவில்லை. அது வழக்காடுவோர் கடன். நாம் கருதுவது வேறு. ‘முறையான செயற்குழு யாது?’ என்று எங்கோ ஒரு பல்கலைக்கழகத்து முதுகலை மாணவன் வினவின், அவனுக்கு ஐயத்திற்கிடமின்றி விடை தருவதற்காகவே அமைப்பு விதி உளது. அவ்விடையை இருசாராரும் ஏற்கும்படி தரமாட்டாத விதி, எத்துணை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதாயினும், திருத்தத்திற்குரியது. ‘பதினோராம் மாநாட்டுக் கட்டுரை’ என ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எழுதுவோன் இன்று ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுத வேண்டியவனாகின்றான். இது சிறு தொல்லையே; ஆயினும் பெருநோயின் குறி.

மன்றம் தோன்றிய வரலாறு இவ்விதழைப் பயில்வார் நன்கறிந்ததாதலின் சுருங்கக் கூறுவோம். 1964 சனவரியில் அனைத்துலகக் கீழ்த்திசை ஆராய்ச்சியாளர் பேரவையின் 26ஆம் மாநாடு புதுதில்லியில் கூடியது. அங்கு வந்திருந்த தமிழ், திராவிட ஆராய்ச்சியாளரைத் தனிநாயக அடிகள் ஒருங்கு திரட்டினார், வ. அய். சுப்பிரமணியம் அவர்க்குத் துணைநின்றார். பாரிசுப் பேராசிரியர் ழான் பிலியோசா தலைவராகவும், தனிநாயக அடிகளும் செக்கோசுலோவாக்கிய அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளராகவும் அமைந்தனர். இவ்வமைப்பிலேயே அடிகளின் கருத்துத் தெளிவுறுகின்றது. தமிழராய்ச்சி தமிழர் மட்டுமே செய்வதன்று. உலகறிஞர் அவையில் அது தனக்குரிய இடத்தைப் பெறல் வேண்டும் என்பதே அது. முத்தியால்பேட்டையிலிருந்து இக்கட்டுரையை வரையும் நமக்கு இவ்வரலாற்றின் ஒரு கூறு அண்மையிலேயே உளது. பாரதியாரின் குயில் தோப்பினால் தமிழுலகம் அறிந்த இப்பேட்டைக்குத் தெற்கே, சிறிது தொலைவில், 1955இல் பிலியோசா தோற்றுவித்த பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் புனித லூயி தெருவில் இன்றும் இயங்குகின்றது. ஒப்புநோக்கற்குரிய செய்தி இதுவே: ஒரே அறிஞர் இவ்விரண்டின் தோற்றத்திலும் பங்குகொண்டார். நிறுவனத்திற்குக் கட்டடமும் நூலகமும் ஓலைச்சுவடித் தொகுதியும் நிலையான ஆய்வாளரும் உளர். தலைவர் மாறினும் பணி மாறாது நடைபெறுகின்றது. மன்றத்திற்கோ மாநாடே உடல், மாநாடே உயிர்.

நம் கருத்தின் கரு ஈண்டே உளது. மன்றம் மாநாட்டை நடத்துவதற்காகத் தோன்றியது. பின்னர் மாநாட்டினுள்ளேயே மறைந்துவிட்டது. 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிசு என ஈராண்டிற்கொருமுறை கூடிய மாநாடு, 1974இல் யாழ்ப்பாணத்திலும், ஏழாண்டு கழித்து 1981இல் மதுரையிலும், 1987இல் மீண்டும் கோலாலம்பூரிலும், 1989இல் மொரீசியசிலும், 1995இல் தஞ்சாவூரிலும் கூடிற்று. அதன்பின் 2015இல் கோலாலம்பூரில் கூடும்வரை இருபதாண்டு இடைவெளி. இருபதாண்டில் ஒரு தலைமுறை ஆய்வாளர் மாணவராய்ப் புகுந்து பேராசிரியராய் வளர்ந்துவிடுவர். அத்தலைமுறையினர்க்கு மன்றம் என்பது செவிவழிச் செய்தியே. மாநாடு கூடாத ஆண்டுகளில் உறுப்பினர் பட்டியலைப் புதுக்குவது யார், தேர்தல் நடத்துவது யார், கணக்குக் காட்டுவது யார்? மன்றத்தின் ஏடாக 1969இல் தோன்றிய தமிழாய்வு இதழும் பின்னர்ச் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஏடாயிற்று. இதழும் கைவிட்டுப் போனபின், இரு மாநாடுகட்கு இடைப்பட்ட காலத்தில் மன்றம் சில பெரியோரின் நினைவிலும் கடிதங்களிலும் மட்டும் வாழ்ந்தது எனின் அது மிகையாகாது.

மாநாடே உடலாயின், அவ்வுடலுக்குச் சோறிடுவோனே அதற்கு உடையவனாகிவிடுவான். இதனை மூன்று நிகழ்ச்சிகளால் விளக்குவோம்.

முதலாவது யாழ்ப்பாணம். நான்காம் மாநாட்டைக் கொழும்பில் கூட்டுவதா, யாழ்ப்பாணத்தில் கூட்டுவதா என இலங்கைக் கிளையினுள்ளே பிணக்கு எழுந்தது. அரசின் விருப்பம் ஒருபுறமும் கிளையினருட் பெரும்பாலார் விருப்பம் மறுபுறமும் நின்றன. முடிவில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் மாநாடு யாழ்ப்பாணத்திலேயே கூடிற்று. மாநாட்டின் இறுதியில், 1974 சனவரி 10ஆம் நாள் நேர்ந்த உயிரிழப்புகளைத் தமிழுலகம் மறவாது. கிளையினர் பெரும்பான்மை கொண்டு முடிவு செய்தமையால் இடம்பற்றிய அப்பிணக்கு மன்றத்தைப் பிளக்கவில்லை என்பது ஈண்டு நாம் குறிக்க வேண்டுவது.

இரண்டாவது தஞ்சாவூர். 1995இல் தமிழக அரசின் பேராதரவில் எட்டாம் மாநாடு கூடிற்று. இலங்கையிலிருந்து வந்த அறிஞர் சிலர் மாநாட்டிற் பங்குகொள்ளவொட்டாது திருப்பியனுப்பப்பட்டனர். கட்டுரையாளரை அழைப்பவர் மன்றம். அவர் நாட்டினுள் நுழையலாமா என முடிவு செய்பவர் வேறொருவர். இவ்விரண்டிற்கும் இடையே எவ்வகை உடன்படிக்கையும் இல்லாவழி, அழைப்பிதழ் வெறுந்தாளே.

மூன்றாவது கோயம்புத்தூர். 2009இல் தமிழக அரசு ஒன்பதாம் மாநாட்டை மறு ஆண்டின் தொடக்கத்திலேயே கூட்ட விழைந்தது. 1989 முதல் மன்றத்தின் தலைவராயிருந்த சப்பானியப் பேராசிரியர் நொபொரு கராசிமா, ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுதற்கு அறிஞர்க்குப் போதிய காலம் வேண்டும் என்று அதற்கு இசையவில்லை. அரசு சில திங்கள் ஒத்திவைத்தது. அதுவும் போதாது என்றார் அவர். ஈற்றில், மன்றத்தின் தொடர்பின்றியே 2010 சூனில் ‘உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு’ என வேறு பெயரில் அது நடைபெற்றது. அவ்வாண்டே கராசிமா பொறுப்பினின்று விலகினார். இந்நிகழ்ச்சியை நாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் இசையாமை போற்றத்தக்கது. ஆயினும் அவர் காத்தது தம் உளவுறுதியால், விதியால் அன்று. ‘மாநாட்டிற்கு இத்துணைக் காலத்திற்கு முன் அறிவிப்பு வேண்டும்’ என்னும் ஒரு வரி ஐயமற நின்று, விருந்தோம்புவோரும் அதனை முன்னரே ஒப்பியிருப்பின், ஒரு முதியவர் தனியே நின்று மறுக்க வேண்டியிருந்திராது. நல்லார் ஒருவரின் உறுதியை நம்பி நிற்கும் அவை, அவர் நீங்கிய மறுநாளே நிலைதளரும். தளரவே செய்தது.

இங்ஙனம் கூறுவதால் அரசின் ஆதரவே தீது என்று நாம் கொள்கின்றோம் எனக் கருதற்க. சென்னை மாநாட்டினால் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் எழுந்தன. மதுரை மாநாடு நிகழ்ந்த 1981ஆம் ஆண்டிலேயே தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அரசை நீக்கிவிட்டால் இடர் தீரும் என்பாரும் உளர். 2019இல் சிகாகோவில் கூடிய பத்தாம் மாநாடு அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் பெருவிழாவோடு இணைந்தே நடைபெற்றது. புரவலர் மாறினார், விழாவினுள் ஆராய்ச்சி அடங்கும் இயல்பு மாறவில்லை. ஆதலின் புரவலர் யார் என்பதன்று வினா. புரவலர்க்கும் அவைக்கும் இடையே எல்லைக்கோடு எங்குளது என்பதே வினா.

இந்நோய் மன்றத்திற்கு மட்டும் உரியதன்று. அது பிறந்த தாய்வீட்டிலேயே முன்னர்க் கண்டது. கீழ்த்திசை ஆராய்ச்சியாளர் மாநாடு 1873இல் பாரிசில் தொடங்கிற்று. 1889இல் சுவீடன், நார்வே நாடுகளில் இரண்டாம் ஆசுகர் மன்னரின் ஆதரவில் எட்டாம் மாநாடு கூடியபோது, விருந்தும் விழாவும் ஆராய்ச்சியை மறைத்தன என்ற குறை எழுந்தது. அடுத்த மாநாட்டைக் கூட்டும் உரிமை எவர்க்கு என்ற பிணக்கில் லைட்னர் என்பார் 1873இன் விதிகளைச் சான்று காட்டி 1891இல் இலண்டனில் ஒன்பதாம் மாநாட்டைக் கூட்டினார். மறு ஆண்டு அதே இலண்டனில் மாக்சு முல்லர் தலைமையில் மற்றோர் ஒன்பதாம் மாநாடு கூடிற்று! ஓர் எண்ணுக்கு இரு மாநாடு என்பது நாம் கண்டுபிடித்த புதுமையன்று. ஆயினும் 1894இல் செனீவாவிற் கூடியோர் அதனைப் பத்தாம் மாநாடு என்றே வழங்கினர், தொடர்ச்சி மீண்டது. பின்னர் 1973இல், நூறாண்டு நிறைந்த பாரிசு மாநாட்டில், தன் பெயரிலிருந்தே ‘கீழ்த்திசை ஆராய்ச்சியாளர்’ என்பதனை அப்பேரவை நீக்கிக்கொண்டது. தன் பெயரையே திருத்திக்கொள்ளும் துணிவு ஓர் அவைக்கு உண்டாயின், விதிகளைத் திருத்திக்கொள்வது அரிதன்று.

மேனாட்டு எடுத்துக்காட்டு வேண்டா எனின், உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நோக்குக. முதற் பராந்தகன் காலத்தில் 919இல் அச்சபையார் வாரியங்கட்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டினர். இரண்டே ஆண்டில், 921இல், அதனைத் திருத்தி மீண்டும் வெட்டினர். முன்னது முப்பது முதல் அறுபது வரை என்று வகுத்த அகவை வரம்பைப் பின்னது முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாற்றிற்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்றது. அண்மை மூன்றாண்டில் வாரியம் செய்தோர் மீண்டும் வருதற்கும் தடை உண்டு. அரசன் அதிகாரி உடனிருந்தான். விதி செய்தவர் சபையார். இக்கல்வெட்டைக் குடியாட்சியின் ஊற்று எனப் புகழ்வது மேடை வழக்கம். அது நிலமும் மறைக்கல்வியும் உடைய பிராமணர் சபை என்பதை அவ்வழக்கம் மறைத்துவிடும். நாம் அதனைக் காட்டுவது அப்புகழ்ச்சிக்காக அன்று. கல்லில் வெட்டியதையும் ஈராண்டில் திருத்தலாம் என அவர் கண்டனர் என்பதற்காகவே. சோழர் கல்வெட்டுகளில் ஊன்றிப் பயின்ற கராசிமா இதனை நம்மினும் நன்கறிந்திருந்தார். எனினும் அவரே இருபதாண்டிற்கு மேல் ஒரே பொறுப்பில் இருக்க நேர்ந்ததே! மாநாடு கூடாமையின் மாற்றுவோர் இலர். குறை அவருடையதன்று; பதவிக்காலத்தை மாநாட்டோடு பிணைத்த அமைப்பினுடையது.

ஆதலின் திருத்தம் யாண்டுத் தொடங்கல் வேண்டும் என்பது தெளிவு. மாநாட்டையும் மன்றத்தையும் முதலிற் பிரித்தல் வேண்டும். மாநாடு கூடினும் கூடாவிடினும் குறித்த ஆண்டில் தேர்தல் நடைபெறல் வேண்டும்; இக்காலத்து மின்னஞ்சல் வழியே வாக்களிப்பது எளிது. பொறுப்பாளர் தொடர்ந்து இருமுறைக்குமேல் அப்பொறுப்பில் இருத்தலாகாது. ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலும் கணக்கும் வெளியிடப்படல் வேண்டும். பட்டியல் வெளிப்படையாயின் ‘யாமே மன்றம்’ என இருவர் கூறுதற்கு இடமிராது. விருந்தோம்புவோரோடு செய்யும் உடன்படிக்கை எழுத்தில் அமைதல் வேண்டும். தொடக்கவிழாவும் ஊர்வலமும் கலைநிகழ்ச்சியும் அவர்பால் நிற்க, கட்டுரைத் தேர்வும் அழைப்பும் அரங்கத் தலைமையும் மன்றத்தின்பால் நிற்றல் வேண்டும். குறைந்தது ஈராண்டு முன்னறிவிப்பு இன்றி எவ்வழைப்பும் ஏற்கப்படலாகாது. எந்நாட்டு அறிஞரையும் நாடு கருதித் தடுப்பதில்லை என்ற உறுதி பெறாதவிடத்து மாநாடு கூட்டலாகாது. இக்கடைசி விதி கடுமையானது. இதனால் சில நகரங்கள் வாய்ப்பிழக்கும் என்பர். இழக்கட்டும்.

இத்திருத்தத்தைச் செய்வதற்குரியோர் யார் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. பழைய விதியின்படி கூட்டுவோம் எனின், கூட்டும் உரிமையுடையோர் எவர் என்பதிலேயே வழக்கு. எனவே இருசாராரும் ஒப்பும் ஓர் இடைக்காலக் குழுவை நாட்டுக் கிளைகளும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் சேர்ந்து அமைத்து, புது உறுப்பினர் பட்டியலை மட்டும் அதன் பணியாக வகுத்து, அப்பட்டியலினரிடம் திருத்தத்தை வாக்கெடுப்பிற்கு விடுதல் ஒன்றே வழி. 2023இன் இரு மாநாட்டுக் கட்டுரைகளையும் ஒரே அடைவில் தொகுத்தல் அக்குழு தன் பணிக்கிடையே எளிதிற் செய்யக்கூடியது. செனீவாவில் செய்ததுபோல், அடுத்து கூடுவதனைப் பன்னிரண்டாவது என்றே எண்ணலாம்.